பந்தை மறக்காத நாய்
வாசகர் கேள்வி – பதில்: வீட்டு நாய்கள்

சென்ற இதழில் ராணுவ நாய்களைப் பற்றி எழுதியிருந்தோம். கண்ணிவெடி தேடுவது, தடம் பிடிப்பது, பனிச்சரிவில் புதைந்தவர்களைக் கண்டுபிடிப்பது என்று அவை செய்யும் வேலைகளைச் சொல்லியிருந்தோம். அதைப் படித்துவிட்டு நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் கேட்டன: “என் நாய் இதற்குத் தேறுமா?”

குன்னூர் வாசகர்: எங்கள் லாப்ரடோருக்கு இரண்டு வயது. நல்ல உடற்கட்டு, நல்ல புத்தி. அதை நாட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. வெலிங்டனில் யாரைப் பார்ப்பது?

உங்கள் எண்ணத்துக்கு வணக்கம். ஆனால் வெலிங்டனில் இருப்பவை மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும் முப்படை அதிகாரிகள் படிக்கும் ஸ்டாஃப் காலேஜும்தான். நாய்களைச் சேர்க்கும் இடம் அங்கே கிடையாது. நம் ராணுவத்தின் நாய்கள் உத்தரப் பிரதேசத்து மீரட்டில், படை விலங்குகளைக் கவனிக்கும் ரிமவுண்ட் அண்ட் வெட்டரினரி கோர் மையத்தில் தயாராகின்றன. அங்கேயே பிறந்து, அங்கேயே வளர்ந்து, பயிற்சி முடித்துப் படைப்பிரிவுகளுக்குப் போகின்றன. தாய் தகப்பன் யார், எந்த வாரத்தில் என்ன ஊசி போட்டது, முதல் சத்தத்தைக் கேட்டு எப்படி நின்றது என்ற விவரமெல்லாம் கையில் இருப்பதால் அந்த முறையை விரும்புகிறார்கள்.

வீட்டு நாய்கள் போருக்கே போகாதவை என்று இதற்குப் பொருளில்லை. 1942-இல் அமெரிக்காவில் பொதுமக்களிடம் நாய் கேட்டு ஒரு இயக்கமே நடந்தது. போர் முடிவதற்குள் சுமார் 19,000 நாய்கள் வந்து சேர்ந்தன. அவற்றில் ஏறத்தாழ 45 சதவீதம் தகுதியில்லை என்று கழிக்கப்பட்டன. வெடிச்சத்தத்துக்குப் பதறியது, நோய், மோப்பக் குறைவு, குணக்கேடு, உயரம் போதாமை ஆகியவையே காரணங்கள். நியூயார்க் மாநிலத்தில் ஒரு குடும்பம் கொடுத்த சிப்ஸ் என்ற கலப்பின நாய் 1943-இல் சிசிலியில் போர்முனையில் நின்றது, பிறகு பத்திரமாக வீட்டுக்கும் திரும்பியது. அன்று நாய்களைக் கழித்த அதே காரணங்களைத்தான் இன்றைக்கும் எந்தப் படையும் பார்க்கிறது. உங்கள் நாயை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். எங்கே அனுப்புவது என்பதற்காக அல்ல, உங்கள் கையில் இருப்பது எப்படிப்பட்ட நாய் என்று தெரிந்துகொள்வதற்காக. அடுத்த பதிலைப் படியுங்கள்.

கோத்தகிரி வாசகி: தேர்வு செய்பவர்கள் நாயிடம் முதலில் எதைப் பார்க்கிறார்கள்? வீட்டிலேயே செய்து பார்க்கும்படி விளக்க முடியுமா?

தைரியத்தை அல்ல, பந்து ஆசையைப் பார்க்கிறார்கள். வெடிமருந்தைத் தேடும் நாய்க்கு வெடிமருந்து என்றால் என்னவென்று தெரியாது. அந்த வாசனை இருக்கும் இடத்தில் தன் பந்து கிடைக்கும் என்பதுதான் அதற்குத் தெரியும். பந்துக்காகப் பசி, தூக்கம், மழை எதையும் மறக்கிற நாயால்தான் நாலு மணி நேரம் வெயிலில் சாலையோரத்தை மோந்துகொண்டே போக முடியும். நாயின் அழகும் வம்சமும் சொன்ன பேச்சைக் கேட்கும் பணிவும் இதற்குப் பிறகுதான்.

தேவையானவை: கயிறு கோத்த கெட்டி ரப்பர் பந்து ஒன்று. குறுக்களவு ஏழரை சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. டென்னிஸ் பந்து வேண்டாம். பெரிய நாயின் தொண்டையில் போய் அடைக்கும், அதன் மேலுள்ள ரோமத்துணியும் பல்லைத் தேய்க்கும். பத்து மீட்டர் நீளக் கயிறு ஒன்று. அதைக் கழுத்துப் பட்டையில் மாட்டாமல் மார்பில் போடும் ஹார்னஸில் மாட்டுங்கள். ஓடிப்போய்க் கயிறு இழுக்கும்போது கழுத்து சுண்டி இழுபடாது. நேரம் பார்க்கக் கைபேசி. எல்லாவற்றையும்விட முக்கியம், நாய்க்குப் பழக்கமில்லாத ஒரு ஆளும் பழக்கமில்லாத ஒரு இடமும். சொந்த வாசலில் புலியாக நிற்கும் நாய் அடுத்த தெருவில் பூனையாகிவிடும். வாசலில் வாங்கிய மதிப்பெண்ணுக்கு மதிப்பில்லை.

சோதனைக்கு ஆறு மணி நேரம் முன்னாலிருந்து தீனி கொடுக்காதீர்கள். தண்ணீர் கொடுக்கலாம். வண்டியில் கூட்டிப் போனால் ஒரு மணி நேரம் ஓய்வு கொடுங்கள்.

முதலில் அந்தப் புது ஆளை வெறுந்தரையில் பத்து முறை பந்தை வீசச் சொல்லுங்கள். முதல் மூன்று வீச்சுக்கு எல்லா நாயும் ஓடும். எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது வீச்சுக்கு எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். பந்தைத் திருப்பிக் கொண்டுவரவில்லை என்றால் கவலை வேண்டாம், அதைப் பழக்கிவிடலாம். எடுத்த பந்தைப் பாதி வழியில் போட்டுவிட்டுப் புல்லை மோந்துகொண்டு நின்றால் அதைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, நாய் பந்தைக் கவ்வியிருக்கும்போது கயிற்றை மெதுவாக இழுத்துக்கொண்டே மறு கையால் அதன் முதுகையும் விலாவையும் தடவச் சொல்லுங்கள். முன்பற்களால் மட்டும் பிடித்துக் கடித்துக் கடித்து மாற்றுகிற நாயிடம் பதற்றம் இருக்கிறது. வாய் நிறையக் கவ்வி, கண்ணை அமைதியாக வைத்துக்கொண்டு தொங்குகிற நாயே தேறும்.

மூன்றாவதாகத் தேடல். மொத்த மதிப்பெண்ணில் பாதியை இதற்குக் கொடுக்கலாம். மலையில் இதற்குத் தேயிலைச் செடிகளைவிட நல்ல இடம் அமையாது. மேலே மேசை போல வெட்டிய பரப்பு, அடியில் இருட்டு. உள்ளே விழுந்த பந்து கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கு மட்டும்தான் தெரியும். தோட்டக்காரரிடம் அனுமதி வாங்குங்கள். எப்போது மருந்து அடித்தார்கள் என்றும் கேளுங்கள். அண்மையில் அடித்த பகுதிக்குள் நாயை விடவே கூடாது. நாய் பார்க்கும்படி பந்தைச் செடிகளுக்குள் வீசி, உடனே விடாமல் முப்பது விநாடி பிடித்து வைத்து, இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, பிறகு விடுங்கள். பார்த்த இடத்தை நினைவில் வைத்து நேராகப் போய் எடுப்பது தேடல் ஆகாது. சுற்றிவிட்டால் அந்த நினைவு கலைந்துபோகும். அப்போது தலையைத் தாழ்த்தி, மூச்சு சளசளவென்று கேட்க, வாலை விசிறிக்கொண்டு வரிசை வரிசையாகப் புகுந்து போனால் அது மூக்கால் தேடுகிறது. மூன்று நிமிடம் வரை விடாமல் தேடினால் நல்ல நாய். ஒரு நிமிடத்தில் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்தால் வீட்டு நாய்; அதை நேசியுங்கள், வேலைக்கு வேண்டாம்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். ஒன்று, காற்று. பகலில் வெயில் ஏற ஏற மலைச்சரிவில் காற்று கீழிருந்து மேலே எழும், பொழுது சாய்ந்தால் மேலிருந்து கீழே இறங்கும். ஆகவே காலை ஒன்பது, பத்து மணிக்குப் பந்தைச் சரிவின் கீழ்ப்பக்கம் போட்டு நாயை மேலிருந்து விட வேண்டும். தலைகீழாகச் செய்தால் வாசனை நாயிடம் வந்தே சேராது, நல்ல நாயைத் தோற்றது என்று எழுதிவிடுவீர்கள். இரண்டு, உங்கள் கண். நாய் உங்கள் பார்வை போகும் பக்கம் போகும். பந்து எங்கே விழுந்தது என்று தெரிந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். மூன்று, முடிவு. தேடிக் கிடைக்காமல் ஒரு சோதனையை முடிக்கக் கூடாது. எளிதான இடத்தில் இன்னொரு பந்தைப் போட்டு, அது எடுத்ததும் பாராட்டிவிட்டு முடியுங்கள்.

நாலாவது, சத்தம். பட்டாசு வேண்டாம், காட்டோரத்தில் அது தப்பு, நாய்க்கும் கேடு. நாய் பந்தோடு விளையாடும்போது இருபது மீட்டரில் ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தைச் சிமெண்ட் தரையில் போடச் சொல்லுங்கள். பிறகு பத்து மீட்டர், பிறகு ஐந்து. திடுக்கிடுவது குற்றமில்லை. உயிருள்ள எதுவும் திடுக்கிடும். எத்தனை விநாடியில் பந்துக்குத் திரும்புகிறது என்பதே கணக்கு. ஐந்து விநாடிக்குள் திரும்பினால் சரி. வாலை இடுக்கிக்கொண்டு வண்டிப் பக்கம் ஓடினால் அதோடு நிறுத்திவிடுங்கள், தூரத்தைக் குறைத்துக் குறைத்துப் பழக்கப் பார்க்காதீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நீராவி இஞ்சின் வருகிறது. நிலையத்திலிருந்து நூறு மீட்டர் தள்ளி நின்று அதன் விசிலுக்கு நாய் என்ன செய்கிறது என்று பாருங்கள். பட்டறைச் சத்தத்தைவிட அது நல்ல பரீட்சை, ஏனென்றால் எப்போது வரும் என்று நாய்க்குத் தெரியாது.

கடைசியாகத் தரை. ஈரமான டைல்ஸ், கீழே இடைவெளி தெரியும் இரும்புப் படி, இருட்டறை, ஜீப்பின் பின்பக்கம் ஆகிய ஒவ்வொன்றிலும் பந்தைப் போட்டுப் பாருங்கள். டைல்ஸில் கால் பரப்பி நின்று நடுங்கும் நாய்கள் நிறைய. குட்டிப் பருவத்தில் மண்ணை மட்டுமே மிதித்தவற்றுக்கு இது வரும். இரண்டு வாரத்தில் சரியாகிற குறை இது ஒன்றுதான்.

எல்லாவற்றையும் காலை பதினொரு மணிக்குள் முடித்துவிடுங்கள். அந்தி நேரத்துத் தேயிலைத் தோட்டத்தில் சிறுத்தைக்கு நாய் என்றால் இரை. கோத்தகிரிப் பக்கம் கரடியும் வரும். நீளக் கயிற்றை ஒருபோதும் கையிலிருந்து விடாதீர்கள்.

கொடைக்கானல் வாசகர்: எங்கள் ஜெர்மன் ஷெப்பர்ட் யாரையும் விடாது. தங்க வந்த இரண்டு பேரைக் கடித்துவிட்டது. பகல் முழுக்கச் சங்கிலியில்தான் இருக்கும். பார்ப்பவர்கள் எல்லாம் “மிலிட்டரியில் இருக்க வேண்டிய நாய்” என்கிறார்கள்.

ஐயா, நேராகவே சொல்கிறோம். உங்கள் நாய் பயந்து கிடக்கிறது. கடிக்கிற நாய் வேறு, கவ்வுகிற நாய் வேறு. பயத்தில் கடிப்பது பாய்ந்து, பிடுங்கி, உடனே பின்வாங்கும். காது பின்னால் படிந்திருக்கும். எதிராளி முதுகைக் காட்டும்போதுதான் பாயும். ராணுவத்தில் தாக்குதல் வேலை செய்யும் நாய் முன்னால் நிற்பவரை நோக்கிப் போகும், முழு வாயில் பிடிக்கும், சொன்னதும் விடும், அடுத்த நிமிடம் அதே ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பொருட்படுத்தாது. நாயை நடத்தும் ஹேண்ட்லர் மாறுவார், மருத்துவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், ஹெலிகாப்டரில் அடுத்தவர் மடியில் படுக்க வேண்டியிருக்கும். யாரையும் விடாத நாயால் இதில் ஒன்றும் முடியாது.

பகல் முழுக்கச் சங்கிலி என்பதுதான் இதை வளர்க்கிறது. கட்டிக்கிடக்கும் நாய்க்கு ஓட வழியில்லை, மிச்சம் இருப்பது கடிதான். தங்க வருபவர்கள் கண்ணில் படாத, நிழலும் காற்றும் உள்ள அடைப்பு ஒன்றைக் கட்டுங்கள். வெளியே கூட்டிவரும்போது வாய்க்கூடை போடுங்கள். மூச்சிரைக்க வாய் திறக்க இடமுள்ள கம்பிக்கூடை நல்லது, துணிப்பட்டை வேண்டாம். காலையும் மாலையும் நாற்பது நிமிடம் நடை. வீட்டில் நீங்களாகக் கடிப் பயிற்சி எதையும் ஆரம்பிக்காதீர்கள், யார் கோணி கட்டிக்கொண்டு வந்து கற்றுக்கொடுக்கிறேன் என்றாலும் சரி.

கடிபட்டவர்களைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. இனி அப்படி நடந்தால் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் இதைச் செய்ய வேண்டும். நாயைக் கட்டி வைத்துப் பத்து நாள் கவனிக்க வேண்டும். வெறிநாய்க்கடி மருந்துக்காகவே 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்தது. அப்படிப்பட்ட மலையில் வாழ்ந்துகொண்டு நாம் இதில் அசட்டையாக இருக்கக் கூடாது.

கூடலூர் வாசகர்: நன்றாக மோப்பம் பிடித்துக்கொண்டிருந்த நாய் பத்து நாளாகத் தேடலில் ஆர்வம் காட்டவில்லை. தும்முகிறது. ஒரு பக்க மூக்கில் மட்டும் ரத்தம்.

ஓடையில் தண்ணீர் குடிக்கும் நாயென்றால் முதல் சந்தேகம் மூக்குக்குள் அட்டை. தண்ணீர் குடிக்கும்போது நூல் போலச் சிறிதாக உள்ளே போய், ரத்தம் குடித்து அங்கேயே பருக்கும். முன்காலால் மூக்கைத் தேய்ப்பது, தலையை உதறுவது, ஒரே துவாரத்தில் ரத்தம் வருவது எல்லாம் அதற்குப் பொருந்தும். நாயைச் சில மணி நேரம் தண்ணீர் கொடுக்காமல் வைத்து, பிறகு ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீரை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்து, டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரத்தை உணர்ந்து, கரும்பழுப்பாக, பளபளப்பாக, ஒரு நுனி துவாரத்தின் விளிம்புக்கு நீண்டு வரும், உடனே உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்படிக் கண்டுவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போங்கள். அவர் இடுக்கியால் பிடித்து, அது பிடியை விடும்வரை மெல்ல மெல்ல இழுப்பார். வெடுக்கென்று இழுத்தால் அறுந்து பாதி உள்ளே தங்கும். உப்புத் தண்ணீர், புகையிலைச் சாறு எதையும் மூக்கில் விடாதீர்கள்; மோப்பத்துக்குரிய மெல்லிய தோலையே அது பொசுக்கிவிடும்.

அட்டை தென்படவில்லை என்றால் தாமதிக்காமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். உண்ணிக் காய்ச்சலில், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்தாலும் மூக்கில் ரத்தம் வரும், அது உயிருக்கே ஆபத்து. ஈறு வெளுத்திருக்கிறதா, அடிவயிற்றில் சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள்.

இன்னொரு செய்தி, பலருக்குத் தெரியாது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் மாத்திரை சில நாய்களின் மோப்பத்தை மங்கச் செய்கிறது. அந்த மாத்திரை சாப்பிட்டிருந்தால், நிறுத்திப் பத்து நாள் கழித்துத்தான் தேடல் சோதனை வைக்க வேண்டும்.

ஊட்டி வாசகர்: ஐந்து வயது நாயைச் சோதிக்கலாமா?

விளையாட்டாகச் செய்யலாம். வேலைக்கு எடுப்பதென்றால் ஒன்று முதல் மூன்று வயது வரைதான். அதற்கு முன் எலும்பு முற்றாது, அதற்குப் பின் பயிற்சிக் காலம் போக மிஞ்சும் ஆண்டுகள் போதாது.

பெருமாள்மலை வாசகி: இடுப்பு மூட்டு எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள். நாய் நன்றாகத்தானே ஓடுகிறது?

ஓடும். மூட்டுக் கிண்ணம் ஆழமில்லாமல் வளர்ந்த நாயும் இரண்டு வயது வரை குறை தெரியாமல் ஓடும். லாப்ரடோருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இது பரம்பரையாக வருவது. ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் போலத் தாவுகிறதா, விளையாடிய மறுநாள் காலை எழுந்திருக்கத் தயங்குகிறதா, ஒரு பக்கமாகச் சரிந்து உட்காருகிறதா என்று பாருங்கள். எக்ஸ்ரே எடுக்கும்போது நாயை மயக்கத்தில் மல்லாக்கப் படுக்கவைத்து, பின்னங்கால்களை நேராக நீட்டி, முழங்கால் உள்நோக்கித் திரும்பும்படி பிடிக்க வேண்டும். மயக்க மருந்து இல்லாமல் எடுத்த படத்தில் இடுப்பு சாய்ந்துவிடும், நல்ல மூட்டும் கெட்டதாகத் தெரியும். உங்களிடம் உள்ள படத்தில் இடுப்பெலும்பின் இரண்டு துவாரங்களும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் படம் கோணல், திரும்ப எடுக்க வேண்டும்.

மலைவீடுகளில் படிக்கட்டு அதிகம். ஒரு வயதுக்குட்பட்ட பெரிய இனக் குட்டியைப் படியில் இறங்கி ஓடவிட்டுப் பந்து விளையாடாதீர்கள்.

தாண்டிக்குடி வாசகர்: நாட்டு நாய்களை எடுப்பார்களா? ராஜபாளையம் குட்டி ஒன்று வாங்க நினைக்கிறேன்.

கர்நாடகத்து முதோல் நாய்கள் 2016-இல் மீரட்டுக்குப் பயிற்சிக்குப் போயின. நம் கோம்பை, சிப்பிப்பாறை, ராஜபாளையம் இனங்களும் படைகளின் கவனத்துக்கு வந்திருக்கின்றன. உண்ணி, வெயில், அரைவயிற்றுத் தீனி எல்லாவற்றையும் தாங்குகிற உடம்பு இவற்றுக்கு. இது உண்மையிலேயே பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் சிப்பிப்பாறை கண்ணால் துரத்தும் இனம். முயல் ஓடும்வரை பறக்கும், மறைந்ததும் நின்றுவிடும். தேயிலைச் செடிச் சோதனையில் அது தோற்பது அதன் குற்றமல்ல, அதன் பிறவி அப்படி. தோலில் ரோமம் மிகக் குறைவு என்பதால் கொடைக்கானல் மார்கழியில் இரவு வெளியே படுக்கவைக்கவும் கூடாது.

ராஜபாளையம் இனத்தில் தூய வெள்ளைக் குட்டி வாங்கும்போது காதைச் சோதியுங்கள். தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்கள் உள்காதுக்கும் வேண்டும். அவை இல்லாத இடத்தில் செவிடு வரும். குட்டி தூங்கும்போது, தரை அதிராமல், காற்று படாமல், தலைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பையை மெதுவாகக் கசக்குங்கள். கை தட்டினால் காற்றசைவில் விழித்துவிடும், ஏமாந்துவிடுவீர்கள். விழித்த குட்டி சத்தம் வந்த பக்கம் திரும்பாமல் எதிர்ப்பக்கம் தேடினால் ஒரு காது மட்டும் கேட்கிறது என்று கொள்ளலாம். வீட்டுக்கு அது போதும், வேலைக்குப் போதாது.

அருவங்காடு வாசகி: எங்களிடம் இருப்பது பதினான்கு மாத மாலினுவா, பெல்ஜிய ஷெப்பர்ட் வகை. நீங்கள் சொல்லும் எல்லாச் சோதனையிலும் தேறுகிறது. ஆனால் கொடுக்க வழியில்லை என்கிறீர்கள். வீட்டில் சோபா, செருப்பு ஒன்றும் மிஞ்சவில்லை. என்ன செய்வது?

வேலை கொடுங்கள். ஓட்டத்தால் மட்டும் இந்த இனம் அடங்காது. ஓட ஓட இன்னும் அதிகம் ஓடப் பழகும். மூக்கு வேலைதான் களைப்பூட்டும். ஓட்டைகள் போட்ட சின்னத் தகர டப்பாவில் ஐந்து கிராம்பு போட்டு, அதை ஒரு டவல் துண்டோடு மூடிய பாத்திரத்தில் ஒரு நாள் வையுங்கள். வாசனை ஏறிய துண்டை முடிச்சுப் போட்டு மூன்று நாள் அதையே விளையாட்டுப் பொருளாகக் கொடுங்கள். நாலாம் நாள் ஒரே மாதிரியான ஆறு அட்டைப்பெட்டிகளை ஒரு மீட்டர் இடைவெளியில் வரிசையாக வைத்து, ஒன்றில் மட்டும் டப்பாவை வையுங்கள். நாய் அந்தப் பெட்டியில் மூக்கை வைத்து இரண்டு விநாடி நின்றால் உடனே, அந்த இடத்திலேயே, பந்து. தாமதித்துக் கொடுத்தால் உங்கள் சட்டைப்பையைத்தான் அது மோந்துகொண்டு நிற்கும். ஒரு வேளைக்கு எட்டுத் தேடல், பத்து நிமிடம், நாளுக்கு இரண்டு வேளை. இரண்டு வாரத்தில் பெட்டிகளை விட்டு அலமாரி, வண்டிச் சக்கரம், விறகடுக்கு என்று மாற்றலாம்.

பெரும்பாலோர் சறுக்குவது இரண்டு இடங்களில். டப்பா வைக்கும் பெட்டியை மட்டும் கையால் தொட்டால் நாய் உங்கள் கை வாசனையைத் தேடக் கற்றுக்கொள்ளும். ஆறையும் ஒரே மாதிரி தொடுங்கள். கிராம்பு ஒருமுறை இருந்த பெட்டியைக் காலிப் பெட்டியாக மறுபடி வைத்தால் நாய் சரியாகச் சொல்லும், நீங்கள் தவறு என்பீர்கள். ஆகவே அந்தப் பெட்டியின் அடியில் பென்சிலால் குறியிட்டுத் தனியாக எடுத்து வையுங்கள். கையருகே இருக்கிறது என்று கிராம்புக்குப் பதில் நீலகிரித் தைலத்தை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். நாய்க்கு அது நஞ்சு, அறை முழுக்க நெடி பரவித் தேடுவதற்கும் ஒன்றும் மிஞ்சாது.